பிள்ளையின் பெயர் தெரியாத தாய்

நேயர்களுக்கு வணக்கம்.

இடைக்கால ஐரோப்பாவின் பிரபு குலத்துப் பெண் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்திலிருந்து கேட்டதும், வீட்டில் ஆளுக்கொரு பெயரைச் சொன்னார்கள். எல்லாமே ராணிகள். கோட்டை, முற்றுகை, சிலுவைப் போர், இரண்டு முறை கல்யாணம் என்று கதை சொல்ல வசதியான பெயர்கள். நான் கொண்டுவந்திருப்பது உங்களில் பலர் கேள்விப்பட்டிராத பெயர். துவோடா. ஒன்பதாம் நூற்றாண்டுக்காரர். இன்றைய பிரான்சின் தெற்கே வாழ்ந்தவர். படை நடத்தவில்லை, முடி சூடவில்லை. லத்தீனில் ஒரே ஒரு புத்தகம் எழுதினார். அந்தப் புத்தகம் அழிந்துபோயிருந்தால் இப்படி ஒருவர் இருந்தார் என்பதே நமக்குத் தெரிந்திருக்காது.

அந்தப் புத்தகத்தில் ஓரிடம். முதன்முதலில் படித்தபோது ஏதோ மொழிபெயர்ப்புப் பிழை என்று நினைத்து மறுபடியும் படித்தேன். மூத்த மகனுக்கு எழுதுகிறார், உன் தம்பியின் பெயர் எனக்கு இன்னும் தெரியாது என்று.

பெற்றவள் எழுதுகிறாள். பிள்ளை இறந்து பிறக்கவில்லை, காணாமலும் போகவில்லை. 841 மார்ச் 22 அன்று உசேஸ் என்ற ஊரில் நல்லபடியாகப் பிறந்தான். அந்தக் காலத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஞானஸ்நானத்தோடுதான் பெயர் வைப்பார்கள். அந்தச் சடங்கு நடப்பதற்குள் குழந்தையைத் தன்னிடம் கொண்டுவரச் சொல்லிவிட்டார் தகப்பனார். உசேஸ் நகரத்து ஆயர் எலிஃபாந்துஸும் தகப்பனாரின் ஆட்கள் சிலரும் சேர்ந்து கைக்குழந்தையை, இன்றைய பிரான்சின் தென்மேற்கே உள்ள அக்விடைன் பகுதிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தாய் ஊரிலேயே இருந்தார். என்ன பெயர் வைத்தார்கள் என்ற தகவல்கூட அவருக்கு வந்து சேரவில்லை.

இதைக் கல்நெஞ்சுக்காரக் கணவன் ஒருவனின் கதையாகச் சொல்லிவிட்டுப் போகலாம். சுலபம். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு வருடங்களில் நடந்ததைப் பார்த்தால், அவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொல்ல வாய் வருவதில்லை.

கணவரின் பெயர் பெர்னார்ட். செப்டிமேனியாவின் பிரபு என்று வரலாற்று நூல்கள் எழுதும். ஸ்பெயின் எல்லையை ஒட்டி, மத்தியதரைக் கடலோரமாகக் கிடக்கும் பிரதேசம் அது. பெர்னார்டின் தகப்பனார் வில்லியம், பேரரசர் சார்லமேனுக்கு உறவினர், பெரிய தளபதி. 801இல் பார்சிலோனாவை முஸ்லிம்களிடமிருந்து பிடித்த படையில் முன்னணியில் இருந்தவர். பிறகு எல்லாவற்றையும் உதறிவிட்டு, ஜெல்லோன் என்ற மலைப் பள்ளத்தாக்கில் தானே கட்டிய மடத்தில் துறவியாகச் சேர்ந்தார். பின்னாளில் அவரைப் புனிதராகவும் ஆக்கினார்கள், பழைய பிரெஞ்சு வீரகாவியங்களில் கதாநாயகனாகவும் ஆக்கினார்கள். இரண்டும் ஒரே ஆளுக்குக் கிடைப்பது அபூர்வம்.

அப்படிப்பட்ட குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டார் துவோடா. தேதியை அவரே குறித்துவைத்திருக்கிறார். 824 ஜூன் 29, ஆஹன் அரண்மனையில். சார்லமேன் கட்டிய அதே அரண்மனை. அப்போது அவருடைய மகன் பக்திமான் லூயி பேரரசர். அங்கே வைத்துத் திருமணம் என்றால் பெண் வீட்டாரும் சாதாரணப்பட்டவர்களாக இருந்திருக்க முடியாது. ஆனாலும் தன் பிறந்த வீட்டைப் பற்றித் துவோடா வாயே திறப்பதில்லை. அப்பா யார், அம்மா யார், எந்த ஊர், ஒரு வார்த்தை கிடையாது. புத்தகம் முழுக்கப் புகுந்த வீட்டுப் பேச்சுதான். 826 நவம்பர் 29 அன்று தலைச்சன் பிள்ளை பிறந்தது. தாத்தாவின் பெயரையே வைத்தார்கள், வில்லியம்.

பெர்னார்ட் வேகமாக உயர்ந்தார். பார்சிலோனாவின் கோமான் ஆனார். 829இல் பேரரசர் அவரை அரண்மனைக்கே அழைத்துத் தலைமைப் பொறுப்பில் வைத்தார். அங்கேதான் வினை வந்தது. லூயிக்கு முதல் மனைவியின் பிள்ளைகள் மூன்று பேர், இரண்டாம் மனைவி ஜூடித்துக்கு ஒரு பையன், சார்லஸ். சொத்தைப் பங்கு போடுவதில் தகராறு. நம் ஊர்ப் பாகப்பிரிவினை மாதிரிதான், என்ன, இங்கே பங்குக்கு வந்தது பாதி ஐரோப்பா. மூத்த பிள்ளைகள் ஜூடித்தையும் பெர்னார்டையும் சேர்த்துப் பேசினார்கள். பேரரசியும் அரண்மனைத் தலைவரும் கள்ள உறவு வைத்திருக்கிறார்கள் என்று 830இல் ஊரெல்லாம் பரப்பிக் கலகத்துக்குக் கிளம்பினார்கள்.

பெர்னார்ட் தப்பிப் பார்சிலோனாவுக்கு ஓடிவிட்டார். அவருடைய சகோதரர் ஹெரிபெர்ட் அகப்பட்டுக்கொண்டார். அவருடைய கண்களைப் பிடுங்கினார்கள். நான்கு வருடம் கழித்து, 834இல், மூத்த இளவரசன் லோதார் சோன் ஆற்றங்கரையில் உள்ள ஷலோன் நகரத்தைப் பிடித்தான். அங்கே பெர்னார்டின் இன்னொரு சகோதரர் கோசெல்ம் தலையை இழந்தார். சகோதரி கெர்பெர்கா கன்னியாஸ்திரி. அவரைச் சூனியக்காரி என்று குற்றம் சாட்டி, ஒயின் பீப்பாய்க்குள் அடைத்து ஆற்றில் தள்ளிவிட்டார்கள்.

இதெல்லாம் நடந்த காலத்தில் துவோடா என்ன செய்துகொண்டிருந்தார்? கணவரின் உத்தரவுப்படி உசேஸில் இருந்தார். கணவர் இல்லாத இடத்தில் அவருடைய காரியங்களைப் பார்த்துக்கொண்டார். உசேஸுக்குப் பக்கத்து ஊற்றிலிருந்துதான் ரோமானியர்கள் நீம் நகரத்துக்கு 50 கிலோமீட்டர் தூரம் கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுபோனார்கள். வழியில் ஆற்றைத் தாண்ட மூன்றடுக்குக் கல்பாலம், இன்றும் சுற்றுலாப் பயணிகள் அதைப் பார்க்கத்தான் அந்தப் பக்கம் போகிறார்கள். துவோடா காலத்திலேயே அந்தக் கால்வாய் வறண்டுவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்று கடைசியில் தெரியும்.

840 ஜூனில் பேரரசர் லூயி இறந்தார். பிள்ளைகளுக்குள் நேரடிச் சண்டை மூண்டது. 841 ஜூன் 25 அன்று ஃபோந்தனுவா என்ற இடத்தில் மோதிக்கொண்டார்கள். ஒரு பக்கம் லோதார், எதிர்ப்பக்கம் ஜூடித்தின் மகன் சார்லஸும், லோதாரின் உடன்பிறந்த தம்பி ஜெர்மானிய லூயியும். பெர்னார்ட் களத்திலிருந்து சில மைல் தள்ளி முகாமிட்டு, யார் பக்கமும் சேராமல் வேடிக்கை பார்த்தார். சார்லஸ் பக்கம் ஜெயித்தது என்று உறுதியானதும் மகனை அனுப்பிவைத்தார். என் பிள்ளை உங்களுக்கு விசுவாசப் பிரமாணம் செய்வான், பர்கண்டியில் எங்களுக்கு உள்ள நிலங்களைக் கொடுங்கள் என்று பேரம். வில்லியமுக்கு அப்போது வயது 14. பிரமாணம் என்பது சபையில் சொல்லும் வார்த்தை. உள்ளபடி சொன்னால் அவன் பிணை. தகப்பன் துரோகம் செய்தால் பிள்ளையின் தலை போகும்.

மார்ச்சில் இளையவன் பிறந்து தொட்டிலோடு போனான். ஜூனுக்குப் பிறகு மூத்தவன் அரண்மனைக்குப் போனான். ஒரே வருடத்தில் வீடு காலி. அந்த வருடம் நவம்பர் 30 அன்று துவோடா எழுத உட்கார்ந்தார். அதற்கு முந்தைய நாள் வில்லியமின் பதினைந்தாவது பிறந்தநாள். தேதிகளை இவ்வளவு கவனமாகக் குறிப்பவர் அதை மறந்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

எழுதி முடிக்க 14 மாதம் ஆயிற்று, 843 பிப்ரவரி 2இல் முடித்தார். கையேடு என்றுதான் அதற்குப் பெயர் வைத்தார். கையில் வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சின்னது என்ற பொருளும் அதில் உண்டு. உலகத்தில் பெரும்பாலான பெண்கள் பிள்ளைகளோடு சேர்ந்து மகிழ்ந்திருக்கிறார்கள், நான் உன்னை விட்டுத் தொலைவில் இருக்கிறேன், அதனால் எழுதுகிறேன் என்று காரணமும் சொல்கிறார். உன்னிடம் எத்தனை புத்தகம் சேர்ந்தாலும் என்னுடைய இந்தச் சின்னதை அடிக்கடி எடுத்துப் படி என்று கேட்டுக்கொள்கிறார். பாண்டித்தியம் தனக்கு இல்லை என்று பக்கத்துக்குப் பக்கம் தாழ்த்திக்கொள்வார். அவருடைய லத்தீன் கரடுமுரடானது என்பது உண்மைதான். ஆனால் பாடல் கட்டத் தெரிந்தவர். தொடக்கப் பாடலின் அடிகளில் முதலெழுத்துகளைக் கோத்துப் படித்தால், ‘அன்பு மகன் வில்லியமுக்குத் துவோடாவின் வாழ்த்து, படி’ என்று வரும். தலையெழுத்துகளைத் தேடிப் பார் என்று வாசிப்பவருக்குக் குறிப்பும் கொடுத்திருக்கிறார். எங்கே கவனிக்காமல் போய்விடுவானோ என்ற பயம் போலும்.

உள்ளே என்ன இருக்கிறது? பெரும்பகுதி வேதாகம மேற்கோளும் பிரார்த்தனை முறையும். அதைப் படிக்கப் பொறுமை வேண்டும், நானே சில இடங்களைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். அதற்கு நடுவில் திடீரென்று மின்னும் இடங்கள் உண்டு. அகன்ற ஆற்றையோ கடற்கழியையோ மான் கூட்டம் தாண்டும் காட்சியைச் சொல்கிறார். ஒவ்வொரு மானும் கொம்போடு கூடிய தன் தலையை முன்னால் நீந்தும் மானின் முதுகில் சாய்த்துக்கொள்ளும். முன்னால் போவது களைத்துவிட்டால் கடைசிக்கு வந்துவிடும், அடுத்தது முன்னே போகும். அரண்மனையில் பெரியவர் சிறியவர் எல்லாரோடும் அப்படி இரு என்று மகனுக்குச் சொல்கிறார். கண்ணைப் பிடுங்கிய அரண்மனைக்குப் போயிருக்கும் பிள்ளைக்கு இது அறிவுரை. எழுதும்போது அவருக்கே நம்பிக்கை இருந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

சொல்லாமல் விட்டதில்தான் இந்த அம்மாளின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. ஜூடித்தைப் பற்றிய வதந்தி ஒரு வரிகூட இல்லை. கணவரைக் குறிப்பிடும் இடமெல்லாம் என் தலைவர், என் எஜமானர் என்றே வரும். புத்தகத்தின் கடைசிப் பகுதியில், குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை வரிசையாக எழுதி, இவர்களுக்காக ஜெபம் செய் என்கிறார். எட்டுப் பெயர்கள். பார்சிலோனாவைப் பிடித்த தாத்தா வில்லியம் இருக்கிறார், அவருடைய மனைவியர் இருவரும் இருக்கிறார்கள். மகன் வில்லியமின் ஞானத்தந்தையாக இருந்து அவனைச் சொந்தப் பிள்ளையாகப் பாவித்த பெரியவர் தியோடெரிக் இருக்கிறார். அதே வரிசையில், மற்றப் பெயர்களைப் போலவே, கெர்பெர்காவும் கோசெல்மும். எப்படி இறந்தார்கள் என்ற பேச்சே இல்லை. பீப்பாயும் கிடையாது, வாளும் கிடையாது. வெறும் பெயர்கள். அரண்மனையில் அந்தப் பக்கத்தை வேறு யார் படித்தாலும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. படிக்க வேண்டியவனுக்கு ஒவ்வொரு பெயரும் என்னவென்று தெரியும்.

பெயரே தெரியாத பிள்ளையை இந்தப் பெயர் வரிசைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இறந்தவர்களின் பெயரெல்லாம் அவருக்கு மனப்பாடம். உயிரோடு இருக்கிற கடைக்குட்டியின் பெயர் மட்டும் இல்லை. ஆனாலும் அவனை விட்டுவிடவில்லை. தம்பிக்குப் பேசவும் படிக்கவும் வயது வந்ததும் இந்தப் புத்தகத்தை அவனிடம் காட்டு, நீயே சொல்லிக் கொடு என்று அண்ணனிடம் ஒப்படைக்கிறார்.

கடன் கதையும் அதே பகுதியில் வருகிறது. எல்லைப்புறத்தில் கணவரின் காரியங்கள் தொய்ந்துவிடக் கூடாது என்பதற்காகத் துவோடா நிறையக் கடன் வாங்கினார். கிறிஸ்தவர்களிடமும் வாங்கினார், யூதர்களிடமும் வாங்கினார். முடிந்த மட்டும் திருப்பிக் கொடுத்தேன், மிச்சம் இருக்கும்போதே நான் போய்விட்டால், கொடுத்தவர்களைத் தேடிக் கண்டுபிடித்து அடைத்துவிடு, என் பொருள் போதாவிட்டால் உன் பொருளிலிருந்து கொடு என்று மகனைக் கேட்கிறார். ஏன் கடன் பட்டார் என்பதற்கு அவர் சொல்லும் காரணத்தில் ஒரு துணுக்கு உண்டு. சில ஆண்கள் செய்வதுபோல உன் தகப்பனார் உன்னையும் என்னையும் விட்டுப் பிரிந்துவிடக் கூடாதே என்பதற்காக என்று. புத்தகம் முழுக்கத் தலைவர், எஜமானர் என்று வணங்கிக்கொண்டே வந்தவர், இங்கே மட்டும் நூலளவு திரையை விலக்குகிறார். சீமாட்டி என்றால் பட்டும் தங்கமும் என்று நினைக்கிறோம். இவர் கணவனைத் தக்கவைத்துக்கொள்ளக் கடன் வாங்கியவர்.

இன்னொரு அறிவுரையைச் சொல்லியாக வேண்டும், பின்னால் நடந்ததற்கும் அதற்கும் தொடர்பு உண்டு. உலகத்தில் அரச அதிகாரம்தான் எல்லாவற்றுக்கும் மேலே என்று தெரியும், ஆனாலும் என் விருப்பம் இது, முதலில் உன்னைப் பெற்ற தகப்பனுக்கு விசுவாசமாக இரு என்கிறார். தகப்பனை எதிர்த்த அப்சலோமின் கதியை நினைவூட்டுகிறார். அரசனிடம் பிணையாக இருக்கும் பையனுக்கு அரசனைவிட அப்பா முக்கியம் என்று எழுதித் தருவது எத்தனை ஆபத்தான காரியம்! அதை எழுதும்போது அவர் நோயாளி. தன் கல்லறைக்கான வாசகத்தையும் தானே பாட்டாகக் கட்டி, இதைக் கல்லில் வெட்டிவை என்று மகனிடம் சொல்கிறார். மண்ணிலிருந்து உருவான துவோடாவின் உடல் இங்கே கிடக்கிறது என்று தொடங்கும் பாட்டு. போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று ஜெபிக்க வேண்டும் என்று அதில் கேட்கிறார். அதிலும் முதலெழுத்துகளைச் சேர்த்தால் அவர் பெயர்தான்.

புத்தகம் முடிந்த அதே 843 ஆகஸ்ட்டில் சகோதரர்கள் வெர்டனில் உடன்படிக்கை செய்து பேரரசை மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். அக்விடைன் சார்லஸின் பங்குக்கு வந்தது. பெர்னார்டோ அங்கே உரிமை கொண்டாடிய, முன்பே இறந்துபோன இன்னொரு சகோதரனின் மகன் பெப்பின் பக்கம் சாய்ந்திருந்தார். 844இல் சார்லஸின் ஆட்கள் அவரைப் பிடித்தார்கள். ராஜ துரோகம் என்று மரண தண்டனை.

வில்லியம் அம்மா சொன்னதை அப்படியே செய்தான். தகப்பனைக் கொன்ற அரசனை விட்டு விலகி பெப்பினோடு சேர்ந்து போரிட்டான். 848இல் தந்திரமாகப் பார்சிலோனாவைப் பிடித்தான். 850இல் அதே ஊரில் அவனைத் தந்திரமாகப் பிடித்துக் கொன்றார்கள். வயது 25கூட இல்லை. அம்மாவின் புத்தகம்தான் அவனைக் கொன்றது என்று யாராவது சொன்னால் என்னால் முழுதாக மறுக்க முடியாது. ஆனால் அந்தக் குடும்பத்தில் அரசனை நம்பியிருந்தவர்களும் பிழைக்கவில்லையே.

சரி, இளையவன்? அவனுக்கு வைத்த பெயர் பெர்னார்ட். தகப்பன் பெயரே. 864இல் காட்டுக்குள் ஆட்களோடு பதுங்கியிருந்தான் என்று அக்காலத்து ஆண்டுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. அரசனுக்கு வேண்டியவர்களைக் கொல்லவா, தகப்பனைக் கொன்ற அரசனையே கொல்லவா என்று இரண்டு விதமாகவும் பேசிக்கொண்டார்களாம். தப்பித்தான். பிறகு அதே அரச குலத்தோடு சமாதானமாகி, அக்விடைனில் பெரும் பிரபுவாக வாழ்ந்தான். மயிர்க்கால் பெர்னார்ட் என்று பட்டப்பெயர். துவோடாவின் இளையவனும் இந்த மயிர்க்கால் பெர்னார்டும் ஒரே ஆள்தான் என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கருத்து. அந்தப் பெர்னார்டின் மகன்தான் க்ளூனி மடத்தை நிறுவியவர், 910இல். அடுத்த இருநூறு வருடம் ஐரோப்பாவின் துறவு வாழ்க்கையையே மாற்றிய மடம் அது. அந்தப் பேரனின் பெயர் வில்லியம்.

புத்தகத்தைத் தம்பியிடம் காட்டு என்று துவோடா கேட்டிருந்தாரே, அது நடந்ததா என்று எந்த ஏடும் சொல்லவில்லை. ஆனால் யாரோ ஒருவர் கையில் அது தங்கியிருக்கிறது, யாரோ பிரதி எடுத்திருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டுப் பிரதி ஒன்று பாரிஸில் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டுப் பிரதி ஒன்று வில்லியம் இறந்த அதே பார்சிலோனாவில் கிடைத்தது. எல்லாவற்றிலும் பழையது, துவோடாவின் காலத்தை ஒட்டியது, தோல் ஏடுகளின் துண்டுகளாக 19ஆம் நூற்றாண்டில் கிடைத்தது. கிடைத்த ஊர் நீம். உசேஸ் ஊற்றுத் தண்ணீர் ஒரு காலத்தில் போய்ச் சேர்ந்த ஊர்.

நன்றி. வணக்கம்.